பலகையின் வலது மூலை

மலை ஊரான ரிங்லெட் பக்கம் போனால் குணாளனை நீங்களே பார்க்கலாம். ஆள் திடமாக இருக்கிறார். காதும் நன்றாகக் கேட்கும். ஆனால் சாயங்காலம் பனி இறங்கிவிட்டால், பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். பதிலும் சொல்ல மாட்டார். முன்னால் போய் நின்று முகத்தைக் காட்ட வேண்டும். பெற்ற பிள்ளைகளுக்கும் இதே கதிதான். நான் கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் பனியில் அவரைக் கூப்பிட்டுப் பார்க்கட்டும். இது நடந்தது. எண்பத்திரண்டாம் வருஷம், தேயிலைத் தோட்டத்து ஓரத்தில், அமிர்தலிங்கத்தின் போர்டுக் கடையில் நடந்தது.

தோட்டத்தில் கைவிட்டுப்போன பழைய கொழுந்து ஸ்டோர் ஒன்று இருந்தது. அதை வாடகைக்கு எடுத்துத்தான் அமிர்தலிங்கம் கடை நடத்தினார். கடைகளுக்குப் பெயர்ப்பலகை, லாரிக் கதவில் எழுத்து, திருவிழா பேனர், செத்தவர்களுக்குச் சமாதிப் பலகை எல்லாம் அங்கேதான். வேலையாட்கள் ஐந்தாறு பேர். அவர்களில் மூத்தவன் குணாளன். அப்போது அவனுக்கு முப்பது வயசு இருக்கும், ஆகவே அவன் என்றே சொல்கிறேன். அவன் எழுதிய எந்தப் பலகையானாலும் வலது மூலையில் ‘குணா’ என்று சின்னதாக இருக்கும். பக்கத்தில் இரண்டு இலையும் ஒரு கொழுந்தும், ஒரே இழுப்பில். கோலா தெர்லாவிலிருந்து பஸ்ஸில் வந்தால் ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் பெயர் எங்கெங்கே தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே வருவான். அதில் அவனுக்கு அப்படி ஒரு ஆசை.

அமிர்தலிங்கம் தானா ராத்தாவிலும் ஒரு கடை போடப் போகிறார், ரிங்லெட் கடையை மேற்பார்க்க ஒரு மண்டோரை வைக்கப் போகிறார் என்று பேச்சு அடிபட்டது. அந்த மண்டோர் தான்தான் என்று குணாளன் பெண்டாட்டியிடம் சொல்லியே விட்டான். அவளும் தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அப்போது கடைக் கணக்கைப் பார்க்க வந்து சேர்ந்தாள் தாமரை.

ஈப்போவில் படித்த பெண். வந்த வாரமே சுவரில் பெரிய பலகை ஒன்றை மாட்டினாள். அதில் நான்கு பத்தி ஆணிகள். வந்தது, எழுத்து, காயுது, போனது. ஒவ்வொரு வேலைக்கும் பிஸ்கட் டின்னில் வெட்டிய தகரச் சில்லு ஒன்று, அதில் ஒரு நம்பர். வேலை நகர நகர, சில்லும் ஆணி விட்டு ஆணி நகரும். முதலில் எல்லாரும் கேலி செய்தார்கள். ஆனால் பாருங்கள், மூன்றே மாதத்தில் கடையில் தாமதம் என்ற பேச்சே இல்லாமல் போய்விட்டது. லெம்பா பெர்த்தாம் காய்கறிக்காரர்கள்கூட எழுத்து வேலைக்கு இங்கே வர ஆரம்பித்தார்கள்.

முன்பெல்லாம் வாடிக்கையாளர் வந்து நின்றால் முதலாளி, “குணா, எப்ப முடியும்?” என்றுதான் கேட்பார். குணாளன் தூரிகையைக் கீழே வைக்காமலே, “வெள்ளிக்கிழமை” என்பான். அந்த ஒரு வார்த்தைக்குக் கடையே காத்திருக்கும். இப்போது முதலாளி அவன் பக்கம் திரும்புவதே இல்லை. ஆணிப்பலகையைப் பார்த்து அவரே சொல்லிவிடுகிறார். குணாளனுக்கு வயிறு எரிந்தது. தகரச் சில்லைவிட நான் கேவலமா என்று பெண்டாட்டியிடம் கத்தினான்.

போதாததற்கு இன்னொன்றும் வந்தது. இனிமேல் பலகையில் யார் பெயரும் வேண்டாம், கடை பெயர் மட்டும் போதும் என்றாள் தாமரை.

“எல்லாரும் சேர்ந்து செய்ற வேலைதானே அண்ணே.”

குணாளன் சிரித்தான். உள்ளே கொதித்தான். அவள் தானும் தூரிகை பிடித்து எழுதப் பழகியிருந்தாள். சின்னச் சின்ன வேலைகளை அவளே முடித்தாள். எழுத்தும் அழகாகத்தான் இருந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சமாதிப் பலகையில் மட்டும் எழுதியவன் தன் பெயரைப் போடக் கூடாது. அந்தக் காலத்தில் போர்டு எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். செத்தவர் பெயர் இருக்கிற பலகையில் உயிரோடு இருப்பவன் பெயருக்கு என்ன வேலை? கை தவறிக்கூட அப்படி ஆகிவிடக் கூடாது என்று, முன்பு அந்தப் பலகைகளைப் பின்னறையில் தனியாகக் காய வைப்பார்கள். தாமரைக்கு இது தெரியாது. அவள் வந்த பிறகு எல்லாப் பலகையும் ஒரே வரிசையில், தூசி படாமல் இருக்க முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியபடி காய்ந்தன.

ஒரு சாயங்காலம் எல்லாரும் போன பிறகு குணாளன் திரும்பி வந்தான். எதிரே முதலாளி வீடு. விளக்குப் போட்டால் தெரிந்துவிடும். போடவில்லை. காய்கிற வரிசையில் ஒவ்வொரு பலகையாக அடிப்பக்கத்தைக் கொஞ்சம் மட்டும் இழுத்து, வலது மூலையில் எழுதினான். குணா. இரண்டு இலை, ஒரு கொழுந்து. அடுத்தது. குணா. அவன் கைக்கு வெளிச்சம் தேவையில்லை. யாருடைய பலகை, என்ன எழுத்து, எதையும் அவன் பார்க்கவில்லை. தன் பெயர் திரும்பி வந்தது, அது போதும்.

கடைசிப் பலகை சில்லென்று இருந்தது. ஈரப் பலகை போல... அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கடைசிப் பலகை பாஞ்சாலையுடையது. அந்தத் தோட்டத்திலேயே காலமெல்லாம் கொழுந்து கிள்ளி, அந்த மாதம் செத்துப்போன கிழவி. பலகையை எழுதியது தாமரை. மறுநாள் விடியற்காலையில் கிழவியின் மகன் வீரப்பன் வந்து, இருட்டிலேயே செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்ததை அப்படியே வாங்கிப் போனான். கருமாதி அன்று இடுகாட்டில் நட்டார்கள்; மூலையில் இருந்த சின்ன எழுத்தை யாரும் கவனிக்கவில்லை. தாமரை அந்த வேலையின் சில்லை ‘போனது’ ஆணியில் மாட்டினாள்.

அடுத்த நாள் காலை அந்தச் சில்லு ‘காயுது’ ஆணியில் தொங்கியது.

அதில் சேறு.

யார் விளையாடியது என்று தாமரை கேட்டாள். யாரும் இல்லை என்றார்கள். துடைத்து மறுபடி ‘போனது’ ஆணியில் மாட்டினாள். மறுநாளும் அது திரும்பி வந்திருந்தது. இந்தத் தடவை சேற்றோடு ஒரு தேயிலையும் ஒட்டியிருந்தது. பச்சையாக, அப்போதுதான் கிள்ளியது போல.

மற்றவர்களுக்குப் பயம். குணாளனுக்கோ சந்தோஷம். முதலாளியின் முகம் மாறியதை அவன் பார்த்துவிட்டான். சாயங்காலம் அவர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

“இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா இந்த ஆணியெல்லாம் வேணாம்லா, குணா. பழையபடி நீயே பாத்துக்க.”

இன்னொரு தடவை. அவ்வளவுதானே? அதை ஏன் விதியிடம் விட வேண்டும், தானே போய் நகர்த்திவிட்டால் ஆயிற்று என்று குணாளன் கணக்குப் போட்டான்.

அன்று பனி சீக்கிரமே இறங்கியது. ஆறரை மணிக்கே எதிர் வீடு தெரியவில்லை. குணாளன் ஸ்டோருக்குள் நுழைந்து கதவைச் சாத்தினான். சுவரைத் தடவிக்கொண்டே ஆணிப்பலகைக்கு வந்தான். ‘போனது’ பத்தி. விரலால் ஒவ்வொரு ஆணியாகத் தொட்டான்.

அந்த ஆணி காலியாக இருந்தது.

சாயங்காலம் தாமரை மாட்டியதை அவனே பார்த்திருந்தான். கீழே விழுந்ததோ என்று குனிந்தான்.

சரக்... சரக்...

கொழுந்து கிள்ளுகிறவர்கள் இடுப்பில் கட்டுகிற ரப்பர் துணி, நடக்கும்போது உரசுகிற சத்தம். தோட்டத்தில் பிறந்தவனுக்கு அது தெரியாதா? ஆனால் ஸ்டோருக்குள் எப்படி...

கதவு சாத்தித்தான் இருந்தது.

சரக்... சரக்...

பச்சைக் கொழுந்தைக் கசக்கிய வாசனை வந்தது. கூடவே ஈர மண்.

காய்கிற வரிசைக்குப் பக்கத்தில் யாரோ நின்றார்கள். குள்ளமான உருவம். முதுகில் கூடை. பனி உள்ளே வந்துவிட்டதோ, வெளியே இருந்த கொஞ்ச வெளிச்சமும் போய்விட்டதோ, முகம் மட்டும் தெரியவில்லை.

“யாரும்மா அது?”

டிங்... என்று ஒரு சத்தம். தகரச் சில்லு ஆணியில் படுகிற சத்தம். ‘காயுது’ பத்தியில்.

பிறகு குரல். அமைதியான குரல். பக்கத்து வீட்டில் உப்பு கேட்பது போல.

“குணா யாரு?”

அவன் சுவரோடு ஒட்டி நின்றான்.

“எம் பலகையில போட்டிருக்கு. எம் பேருக்குக் கீழ. கூட வர்ற ஆளா?”

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அந்தச் சில்லிட்ட பலகை...

நான்தான், தெரியாமல் செய்துவிட்டேன், அழித்துவிடுகிறேன். இதைச் சொல்லியிருக்கலாம். ஒரு மூச்சில் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் பயத்துக்கு அடியிலும் அந்த எரிச்சல் உயிரோடு இருந்தது. அதுதான் முந்திக்கொண்டது.

“குணான்னு இங்க யாருமில்ல. ஒங்க பலகைய எழுதினது தாமரை.”

இரண்டாவது பாதி பொய் இல்லை பாருங்கள். எழுதியது தாமரைதான்.

“தாமரை...”

கிழவி அந்தப் பெயரை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

சரக்... சரக்...

சத்தம் அவனைத் தாண்டிப் போனது.

கதவு திறக்கவில்லை.

குணாளன் வீட்டுக்கு எப்படி வந்தான் என்று அவனுக்கே தெரியாது. கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டான். காலையில் முதல் வேலையாகப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டான். காலையில் கடை பூட்டியிருந்தது.

தாமரையை இடுகாட்டுக்குப் பக்கத்தில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே கண்டெடுத்திருந்தார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. தூங்குவது போலப் படுத்திருந்தாள். குளிரில் இதயம் நின்றுவிட்டது என்றார்கள். இருட்டுகிற நேரத்தில் அவள் எதற்கு அங்கே போனாள் என்று யாருக்கும் புரியவில்லை.

குணாளன் வாயைத் திறக்கவில்லை. என்ன சொல்வது, யாரிடம் சொல்வது?

அந்த மாதமே அவன் மண்டோர் ஆனான். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. வாடிக்கையாளர்கள் வந்தால் முதலாளி பழையபடி, “குணா, எப்ப முடியும்?” என்று கேட்டார். மண்டோரான பிறகு அவன் கைக்கு வந்த முதல் வேலை, தாமரையின் சமாதிப் பலகை.

தனியாகப் பின்னறையில் உட்கார்ந்து எழுதினான். முடித்ததும் விளக்கைக் கிட்டே கொண்டுபோய் வலது மூலையைப் பார்த்தான். வெறும் வெள்ளை. மறுபடி பார்த்தான். வெள்ளைதான். பிறகுதான் வெளியே கொடுத்தான்.

பலகை நடுகிற அன்று தாமரை குடியிருந்த வீட்டுக்கார அம்மா செல்லம்மாவும் இடுகாட்டுக்கு வந்திருந்தார். அழுதுகொண்டே அவர் சொன்னதைக் குணாளனும் கேட்டான். அன்று சாயங்காலம் வாசலில் யாரோ தாமரையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். வயசான பொம்பளை குரல். எம் பலகைய நீதான் எழுதுனியா என்று கேட்டதாம். “ஆமாங்க, நான்தான் எழுதினேன்” என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டியவள்தான், திரும்பவில்லையாம். செல்லம்மா எட்டிப் பார்த்தபோது வாசலில் பனி மட்டும் இருந்தது. அப்போது மணி ஏழுகூட ஆகவில்லை.

தாமரையின் மேட்டுக்குப் பக்கத்து மேடு பாஞ்சாலையுடையது. குணாளன் அந்தப் பலகையின் மூலையைப் பார்த்தான். அங்கே ‘குணா’ இல்லை. அழித்த தடமும் இல்லை.

‘தாமரை’ என்று இருந்தது. பக்கத்தில் இரண்டு இலை, ஒரு கொழுந்து. ஒரே இழுப்பில். அவன் கைதான். அவனைத் தவிர அந்த மலையில் அதை அப்படி இழுக்க ஆள் கிடையாது.

இதோடு முடிந்திருந்தால் குணாளன் இன்று நம்மைப் போல யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்திருப்பார்.

ஒரு வருஷம் கழித்து வீரப்பன் தன் தாயின் திவசத்துக்கு இடுகாட்டைச் சுத்தம் செய்துவிட்டு வரும் வழியில் கடைக்கு வந்தான். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்.

“அந்தப் பொண்ணு தாமரை பலகையில ஒங்க பேரு இருக்கேண்ணே. சமாதிப் பலகைக்குப் போடமாட்டாங்கன்னு சொல்வாங்களே?”

குணாளன் அன்றே ஓடிப்போய் அதன் மேல் வெள்ளை பூசினான். அடுத்த மழைக்குள் அந்தப் பெயர் திரும்ப வந்தது. மறுபடி பூசினான். இன்னும் பூசிக்கொண்டுதான் இருக்கிறார். பலகையின் அந்த மூலை மட்டும் விரல் தடிமனுக்கு வெள்ளை ஏறிக் கிடக்கிறது.

பனி இறங்கும் நேரத்தில், முதுகுக்குப் பின்னால், நன்றாகப் பழகிய ஒரு பெண் குரல் மரியாதையாகக் கேட்கிறதாம்.

“அண்ணே... என் பலகைய யாரு எழுதினது?”