சின்னையா வருவார்

"எங்கட ஆக்களை நீ எப்பிடிப் பிள்ளை மூளை சரியில்லை எண்டு எழுதுவாய்? உனக்கு ஏலாது."

ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில், தேவாலய மண்டபத்தில் நடந்த ஒரு ஞானஸ்நான விருந்தில், என் தட்டில் சோற்றைப் போட்டபடி ஓர் அக்கா இதைச் சொன்னார். அவர் மன்னாரைச் சேர்ந்தவர். தமிழ் அகதிகளுக்காக அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் மொழிபெயர்ப்பது அவருடைய தொழில். நான் மனநல மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றுவரும் வைத்தியர். ஹனோவரில் நடக்கவிருந்த ஒரு வகுப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருப்பதை அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குத்தான் அந்தப் பதில்.

தஞ்சம் மறுக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். அவர்களில் சிலருக்கு அங்கே நடப்பது விளங்குமா என்ற சந்தேகம் எழும். நீதிபதி யார், அவர் எதைத் தீர்மானிக்கப்போகிறார், தோற்றால் என்ன ஆகும் என்பது தெரியாத ஒருவரைத் தனியாக விசாரிப்பது நியாயமில்லை. அவருக்காகப் பேச ஒருவரை நியமிக்க வேண்டும். விளங்குமா விளங்காதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் வைத்தியர். அப்படிப் பார்ப்பதற்கு எங்களைப் பழக்குவதுதான் அந்த வகுப்பு. அதை நடத்திய பேராசிரியர் முதல் நாளே ஒன்று சொன்னார்: "பீலெஃபெல்டில் எனக்கு ஓர் உண்மையான பரிசோதனை இருக்கிறது. வகுப்பு முடியும்போது உங்களில் ஒருவரைத் தெரிவுசெய்து, அதை என் மேற்பார்வையில் செய்ய விடுவேன். தமிழர் ஒருவருடைய வழக்கு அது."

தமிழர். அந்தச் சொல்லைக் கேட்டதும் அந்த இடம் எனக்கென்றே ஒதுக்கப்பட்டுவிட்டதாக நினைத்தேன். இடைவேளையில் அம்மாவை அழைத்துச் சொல்லியும் விட்டேன். அம்மா அகதி முகாம்களுக்கு நடுவே வளர்ந்தவர். பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறார். அப்பாவும் அப்படித்தான். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்குப் போனவள் நான். நான் வாங்கும் ஒவ்வொரு இடமும் அம்மாவுக்கு உடனே தெரிய வேண்டும்.

எனக்குப் பக்கத்துக் கதிரையில் ஹனோவர்க்காரி ஒருத்தி இருந்தாள். என் வயதுதான். தாயும் தகப்பனும் வைத்தியர்கள். சாப்பாட்டு மேசையில் நோயாளிகளைப் பற்றிய பேச்சைக் கேட்டே வளர்ந்ததாகச் சொன்னாள். எங்கள் சாப்பாட்டு மேசையில் அடுத்த வாரம் யார் எந்த உணவகச் சமையலறையில் வேலை என்பதுதான் பேச்சு. அவள் பேராசிரியரிடம் கேள்வி கேட்கும்போது கையைக்கூட உயர்த்துவதில்லை, அப்படியே பேசத் தொடங்கிவிடுவாள். நான் கையை உயர்த்திவிட்டுக் காத்திருப்பேன். அவள் ஆப்பிளை விதையோடு தின்பாள், எழுத்துக் கோழிக் கிறுக்கல். இவற்றையெல்லாம் மனதுக்குள் குறித்து வைத்துக்கொண்டேன்.

கடைசி நாள் ஒத்திகைப் பரிசோதனை. பீலெஃபெல்டிலிருந்து ஓர் அண்ணை வந்திருந்தார். அங்கே தமிழ்ப் பள்ளி விழாக்களில் நாடகம் போடுபவர். போரில் தலையில் அடிபட்டு நினைவு குழம்பிய ஒருவராக நடிப்பதற்கு அவரை அழைத்திருந்தார்கள். மொழிபெயர்க்க வந்தவர் யாரென்று பார்த்தால், மன்னார் அக்கா. என்னைக் கண்டதும் சிரித்தார். "ஓ, நீயும் இஞ்சயோ? சரி பாப்பம்."

கேள்வி கேட்பவருக்குத் தமிழ் தெரிந்திருந்தாலும் ஜேர்மன் மொழியில்தான் கேட்க வேண்டும், மொழிபெயர்ப்பாளர் ஊடாகத்தான் பதில் வர வேண்டும் என்பது அங்கே விதி. மற்றவர்களுக்கும் புரிய வேண்டுமல்லவா. முதலில் என்னைக் கேட்கச் சொன்னார்கள்.

"நீதிமன்றத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?"

அண்ணை மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "கோட்டிலையோ? கோட்டுக்கு நான் சின்னையாவோட போனனான். காணிப் பிரச்சினை. அங்கை வாசல்ல ஒரு பெரிய வாகை நிண்டது. சின்னையாதான் எல்லாம் கதைச்சவர். அவருக்கு நல்ல வாய். இவையும் நல்ல ஆக்கள்தானே, விடுவினம்."

அக்கா ஜேர்மன் மொழியில் சொன்னார்: "நீதிமன்றம் தன்னுடைய பிரச்சினையைக் கேட்டு நல்ல முடிவு எடுக்கும் என்று நம்புகிறார்."

நான் தலையசைத்தேன். நீதிமன்றத்தின் பணி விளங்குகிறது என்று எழுதினேன். அதோடு விட்டேனா? குழுவைத் திரும்பிப் பார்த்து, "எங்கள் ஆட்கள் நேரே பதில் சொல்ல மாட்டார்கள். உறவினர், ஊர், மரம் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டுதான் வருவார்கள். அதைக் குழப்பம் என்று எடுத்துவிடக் கூடாது" என்று விளக்கமும் கொடுத்தேன். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். பேராசிரியரும் ஏதோ எழுதினார். பீலெஃபெல்ட் எனக்குத்தான் என்று அந்த நேரத்தில் நிச்சயமாக நம்பினேன்.

"வேறு யாராவது கேட்க விரும்புகிறீர்களா?" என்றார் பேராசிரியர்.

கையை உயர்த்தாமலே ஹனோவர்க்காரி பேசத் தொடங்கினாள். அண்ணையிடம் அல்ல, அக்காவிடம். "அவர் நிறையப் பேசினார். நீங்கள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னீர்கள். மிச்சம் எங்கே?"

அக்கா என் பக்கம் திரும்பித் தமிழில், "இதென்ன பிள்ளை, இவ என்னைப் பொலிஸ் மாதிரி விசாரிக்கிறா" என்றார். பிறகு அவளிடம், "அது தேவையில்லாத கதை" என்றார்.

"தேவையில்லாததையும் சொல்லுங்கள். அவர் சொன்னபடியே."

பிறகு அண்ணையிடம் கேட்டாள்: "நீதிமன்றத்துக்கு உங்களோடு யார் வருவார்?"

"சின்னையா வருவார்."

"அவர் இப்போது எங்கே இருக்கிறார்?"

"வெளியிலை நிக்கிறார். சைக்கிளைப் பூட்டிப்போட்டு வாறன் எண்டவர்."

அக்கா மொழிபெயர்க்கவில்லை. அண்ணையின் பக்கம் குனிந்து, "என்ன அண்ணை கதைக்கிறியள்? இது ஜேர்மனி. கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்கோவன்" என்றார். அது ஒத்திகை என்பதையே மறந்துவிட்டார். அண்ணை நல்ல நடிகர், அசையவில்லை. யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் காத்திருந்தாள். அந்த மௌனத்தை நிரப்ப என் நாக்குத் துடித்தது. அவளோ பேனாவைக்கூட அசைக்காமல் இருந்தாள். கடைசியில் அக்கா சின்னையா என்றால் தகப்பனின் தம்பி என்று விளக்கி, சைக்கிள் உட்பட எல்லாவற்றையும் சொன்னார்.

"அவரை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?"

"ஷெல் விழேக்கை. நான்தானே அவரைத் தூக்கிக்கொண்டுபோய்க் கிடங்கு வெட்டித் தாட்டனான்."

"அப்படியென்றால் நீதிமன்றத்தில் உங்களுக்காக யார் பேசுவார்?"

"அதுதான் சொல்லுறனே. சின்னையா."

பேராசிரியர் மெதுவாகச் சொன்னார்: "இந்த மனிதர் தனியாக நீதிபதியின் முன் போகக் கூடாது. முதல் பதிலோடு நிறுத்தியிருந்தால் போயிருப்பார்." என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

இடைவேளையில் அக்கா தான் பொரித்துக் கொண்டுவந்த ரோல்ஸ் பெட்டியைத் திறந்தபடி பொருமினார். "ஒரு வெள்ளைக்காரிக்கு முன்னாலை எங்கட மனிசன் விசர்க்கதை கதைக்கிறார் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? விட்டுக்குடுக்க ஏலுமே?"

நானும் அப்படித்தான் வளர்ந்தவள். அலுவலகங்களில் அப்பாவுக்கு நாள் குறித்துக் கொடுக்கும் டெர்மின் ஒவ்வொன்றுக்கும் சிறு வயதில் நான்தான் கூடப் போனேன். அதிகாரி ஒன்றைக் கேட்பார், அப்பா எங்கோ தொடங்கி எங்கோ முடிப்பார். நான் அதைச் சீவிச் சிக்கெடுத்து, ஒரு நல்ல வாக்கியமாக்கிக் கொடுப்பேன். "கெட்டிக்காரப் பிள்ளை" என்பார்கள். அப்பா என் தலையைத் தடவுவார். என்னை வகுப்புகளில் முன்னே தள்ளியது அந்தப் பழக்கம்தான். அக்கா செய்ததும் அதேதான். அதனால்தான் அது என் கண்ணில் படவே இல்லை. அண்ணையின் பேச்சு அப்பாவின் பேச்சு மாதிரி இருந்தது. அக்காவின் வாக்கியம் என் வாக்கியம் மாதிரி இருந்தது.

ஹனோவர்க்காரிக்கு அந்த அறையில் மானம் காத்துக் கொடுக்க வேண்டிய ஆள் ஒருவரும் இல்லை. யாருக்காகவும் எந்தக் கவுண்டரிலும் எம்பி நின்று பேசியவள் அல்ல அவள். அதனால் கேட்டதைக் கேட்டபடியே அவளால் வைத்திருக்க முடிந்தது. அவளுடைய தாய் தகப்பனுடைய படிப்பின் மேல் எனக்கு இருந்த பொறாமை அதுவரை சில்லறைப் பொறாமை. இப்போது வந்தது வேறு.

ரோல்ஸை வாங்கிக்கொண்டு அவள் என்னிடம் வந்தாள். "சின்னையா. சரியாக உச்சரிக்கிறேனா?" நான் ஒரே ஒருமுறை, வேகமாகச் சொல்லிவிட்டுத் தேநீர் எடுக்கப் போய்விட்டேன்.

மாலையில் பேராசிரியர் அவளைத் தெரிவுசெய்தார். எல்லோரும் மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள். நானும் தட்டினேன்.

ரயில் நிலையத்தில் அம்மாவின் அழைப்பு வந்தது.

"என்ன, உன்னை எடுத்தவையோ?"

"இல்லை அம்மா."

"அப்ப ஆரை?"

"ஒரு ஜேர்மன் பிள்ளையை."

"அவவுக்குத் தமிழ் தெரியுமே?"

"தெரியாது."

"பிறகென்னண்டு அவவை எடுத்தவை?"

காரணம் எனக்குத் தெரியும். சொல்லத்தான் மனம் வரவில்லை. ரயில் வருகிறது என்றேன்.

ரயிலில் அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்தார். நெடுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர் திடீரென்று, "அந்தப் பிள்ளை லேசுப்பட்டவள் இல்லை" என்றார். "நான் அண்டைக்கே சொன்னனான்தானே, உனக்கு ஏலாது எண்டு."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "நீங்களும்தானே அக்கா மூடி மறைச்சனீங்கள்."

"ஓம், மறைச்சனான். நான் மொழிபெயர்க்க வந்தனான். நீ டொக்டர். என்னைப் பிடிக்கவேண்டியது நீ. அவள் பிடிச்சாள்."

இதைச் சொல்லிவிட்டு, மிஞ்சியிருந்த ரோல்ஸை என் கையில் வைத்தார். "சாப்பிடு. முகத்தை நீட்டிக்கொண்டிராதை." சாப்பிட்டேன். உறைப்புக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. உறைப்புத்தான் என்று அக்காவிடம் சொன்னேன். "ஓமோம்" என்றார்.

அடுத்து வந்த நாட்களில் மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே ஹனோவர்க்காரியை நினைத்துக்கொண்டிருந்தேன். நோயாளி ஒருவர் பேச்சை முடிக்காமல் நிறுத்தினால், மிச்சத்தை நான் எடுத்துக்கொடுப்பதைக் கவனித்தேன். ஜேர்மானியர்களுக்கும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஒருமுறை உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அந்த முதியவர் முடித்த வாக்கியம் நான் முடிக்கவிருந்த வாக்கியம் அல்ல. அன்றே அவளுக்குத் தொலைபேசியில் பேசினேன்.

பீலெஃபெல்டில் உன் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றேன். ஒப்பனை இல்லாமல் அப்படியே கேட்டுவிட்டேன். எத்தனை தடவை ஒத்திகை பார்த்துவிட்டுக் கேட்டேன் என்பது அவளுக்குத் தெரியாது.

"வா, வா" என்றாள். "எனக்குப் பயமாக இருக்கிறது. எது குழப்பம், எது உங்கள் ஆட்கள் வழக்கமாகப் பேசும் விதம் என்று எனக்கு எப்படித் தெரியும்? முடிந்த பிறகு நீ சொல்ல வேண்டும். பேராசிரியரிடமும் அந்த மனிதரிடமும் நான் சம்மதம் கேட்கிறேன்." தனக்குத் தெரியாது என்று இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிகிறதே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

இன்று காலை பீலெஃபெல்டுக்கு வந்து சேர்ந்தேன். சின்ன அறை. மூலையில் பேராசிரியர். அந்த மனிதர் குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார். மொழிபெயர்க்க வந்திருப்பவர் மன்னார் அக்கா. இந்த முறை என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, தலையை மட்டும் அசைத்தார். நான் என் கதிரையை இழுத்து, அவளுடைய முதுகுக்குப் பின்னால், அக்காவின் முகம் தெரியும்படி போட்டுக்கொண்டேன். அவள் முதல் கேள்வியைக் கேட்டாள். அந்த மனிதர் தன் ஊர்க் குளத்திலிருந்து தொடங்கினார். அவர் எங்கே போய் முடிக்கிறார் என்று பார்க்க, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.