புதன்கிழமைகளில் மட்டும் ஈயம் ஏன் ஒட்டவில்லை?

இன்று புதன்கிழமை. காலடிப்பேட்டையில் ஒரு ஃபிரிட்ஜைத் திறந்தேன்.

திறந்தபோது வந்த கோபம் இன்னும் தணியவில்லை. சாப்பிடக்கூட உட்காராமல் இதை எழுதுகிறேன்.

பௌதிகத்தில் முதுகலை முடித்து, முப்பது ஆண்டுகள் தரப் பரிசோதனை செய்து ஓய்வு பெற்றவள் நான். எங்காவது சர்க்யூட் போர்டில் ஈயம் ஒட்டவில்லை என்றால் இன்னமும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். (என் மூட்டு வலிக்கு நான் கூப்பிட்டால் ஒருவரும் வருவதில்லை!)

இன்று கூப்பிட்டது இன்வெர்ட்டர் போர்டு செய்யும் ஒரு சிறிய கம்பெனி. மின்வெட்டின் புண்ணியத்தில் ஆர்டர்கள் குவிகின்றன. போன போர்டுகளும் அதே வேகத்தில் திரும்பி வருகின்றன.

மேனேஜர் என் கையில் போர்டைக் கொடுக்கவில்லை. ஒரு கடிதத்தைக் கொடுத்தார். கஸ்தூரி என்ற பெண்ணை இன்றே வேலையிலிருந்து நீக்கும் கடிதம்!

"காரணம் கண்டுபிடிச்சாச்சு மேடம். நீங்க ரிப்போர்ட்ல ஒரு கையெழுத்து போட்டா போதும்."

"கண்டுபிடிச்சாச்சுன்னா என்னை எதுக்கு வெயில்ல வரவழைச்சீங்க?"

"அது எர்ணாவூர் பக்கம் குப்பத்துப் பொண்ணு மேடம். காலைல மீன் அரிஞ்ச கையோட வந்து போர்டைத் தொடுது. அந்தப் பிசுக்குல ஈயம் எப்படி ஒட்டும்? லைன் பூரா கவிச்சி வாடை!"

இதை அவர் சொன்னபோது கஸ்தூரி இரண்டடி தூரத்தில் நின்றிருந்தார்.

அவருடைய வேலை இதுதான்: ஈயத்தூள் கலந்த பேஸ்ட்டை, துளையிட்ட தகட்டின் வழியாகப் போர்டின் மேல் பூசுவது. அதன் மேல் கடுகளவு பாகங்களை மெஷின் வைக்கும். அடுப்புக்குள் போனால் ஈயம் உருகி ஒட்டிக்கொள்ளும்.

"எங்கூட்ல மீனு அரியறது எங்க அத்தமா. நான் குளிச்சிட்டு, கிளவுசு மாட்டிகினுதான் குந்துறேன். இந்த வேல போச்சுன்னா என் பொண்ணு காலேஜு நின்னுபூடும்மா."

போர்டை லென்ஸுக்கு அடியில் வைத்தேன்.

ஈயம் படராமல், மங்கிப்போய், ஓரமெல்லாம் குட்டிக் குட்டி உருண்டைகளாகச் சிதறியிருந்தது. கைப்பிசுக்கு என்றால் விரல் பட்ட இடத்தில் மட்டும் கெட்டிருக்க வேண்டும். இதுவோ மூலைக்கு மூலை ஒரே மாதிரி! கெட்டது கையல்ல, பேஸ்ட்.

பழுதுகளைக் குறிக்கும் நோட்டைக் கேட்டு வாங்கினேன்.

பழுது புதன் மதியம் தொடங்குகிறது. வியாழன் முழுவதும் நீடிக்கிறது. வெள்ளிக்கிழமை புது பேஸ்ட் வந்ததும் அடங்குகிறது. வாராவாரம் இதே கதை.

நடுவில் ஒரு மாதம் மட்டும் ஒரு பழுதுகூட இல்லை!

"அந்த மாசம் நானே லைன்ல நின்னு கண்டிப்பா வேலை வாங்கினேன் மேடம்" என்று நெஞ்சை நிமிர்த்தினார் மேனேஜர்.

தேதிகளை மறுபடி பார்த்தேன். அது புரட்டாசி. ஐப்பசி பிறந்த முதல் புதனன்றே பழுது திரும்பி வந்திருக்கிறது.

புரட்டாசியில் கவிச்சியை நிறுத்துவது மனிதர்கள். ஈயம் எந்தப் பெருமாளுக்கு விரதம் இருக்கிறது?

"பேஸ்ட் டப்பாவெல்லாம் எங்கேம்மா?" என்று கஸ்தூரியைக் கேட்டேன்.

"ஜன்னலாண்ட கீதுமா."

கிழக்கு பார்த்த ஜன்னல். ஐப்பசியிலும் மழை இல்லாமல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஆறு டப்பாக்கள். தொட்டால் வெந்நீர்ச் சொம்பு! வேலை தொடங்குமுன் ஒரு டப்பாவை வெளியே எடுத்து, நிழலில் வைத்துக் குளிர் போக விடுவார்கள். மற்றவை ஃபிரிட்ஜிலேயே இருக்க வேண்டும்; சூடேறினால் பேஸ்ட் கெட்டுவிடும்.

"ஆறையும் யார் வெளியே வெச்சது?"

"சாருதான். புதங்கெழமன்னா அல்லாத்தையும் எடுத்து வெச்சிருவாரு. சாங்காலம் அவரே உள்ள வெச்சிருவாரு. இன்னா சார் இதுன்னு கேட்டேன். உன் வேலயப் பாருன்ட்டாரு."

நான் ஃபிரிட்ஜை நோக்கி நடந்தேன். மேனேஜர் என்னை முந்திக்கொண்டு ஓடினார்.

"மேடம், அதுல கெமிக்கல் இருக்கு!"

"கெமிக்கல் ஜன்னல்ல இருக்கு தம்பி. நகருங்க."

திறந்தேன்.

செய்தித்தாளில் சுற்றிய முழு வஞ்சிரம் ஒன்று! பக்கத்தில் டிபன் கேரியர் நிறைய இறால்!

செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி மேனேஜர் வீட்டில் கவிச்சி கிடையாதாம். திங்கள் சோமவார விரதமாம். ஞாயிறு கம்பெனி விடுமுறை. மிச்சமிருக்கும் புதனன்று காசிமேட்டில் வாங்கி, மாலைவரை கெடாமலிருக்க இங்கே வைக்கிறாராம். (ஈயம் இருக்கும் பெட்டியில் வீட்டுக்குச் சமைக்கும் மீன்! அந்தக் குடும்பத்தின் வயிறுகளை நினைத்துத்தான் எனக்குக் கவலை.)

வாடை யாருடையது என்று இப்போது லைன் முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

சத்தம் கேட்டு வந்த முதலாளி என்ன சொன்னார் தெரியுமா? "விடுங்க மேடம். அவருக்குத் தனியா ஒரு சின்ன ஃபிரிட்ஜ் வாங்கிக் கொடுத்துடலாம்."

மீனுக்கு ஃபிரிட்ஜ்! கஸ்தூரிக்கு ஒரு வார்த்தைகூட இல்லை!

அந்தக் கடிதத்தைக் கிழித்து, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால்தான் ரிப்போர்ட் தருவேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். லைன் நின்றது. ஆர்டர் நின்றது. கால் மணி நேரம் கழித்து முதலாளியே கடிதத்தைக் கிழித்தார்.

மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டு "சாரி" என்றார்.

"இன்னா சார்? காதுல வுழல" என்றார் கஸ்தூரி.

இரண்டாவது முறை நன்றாகவே கேட்டது.

ரிப்போர்ட்டில் "பழுதின் காரணம்" என்ற கட்டத்தில் ஒரே சொல் எழுதிக் கையெழுத்திட்டேன்: வஞ்சிரம்.

கிளம்பும்போது கஸ்தூரி, ஃபிரிட்ஜில் இருந்த மீனின் செவுளை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"சார், இது மூணு நாள் ஐஸ்ல கெடந்த மீனு. ஃபிரெஷ்னு சொல்லி உன்ன நல்லா ஏமாத்திகீறான்!"

நண்பர்களே, வாராவாரம் அந்த வீட்டில் அதைச் சாப்பிட்டுவிட்டு யாரைக் குற்றம் சொல்லியிருப்பார்கள்? சமைத்த கையைத்தானே?