ஊசி வயரை விட்ட கதை

ஊசிக்கு அந்தப் பெயரை வைத்தது அவள் அண்ணன். ஒன்பது வயதில் அவள் உடம்பு அப்படி இருந்தது. பிறகு உடம்பு தேறிவிட்டது, நாக்கு மட்டும் கூர் குறையவில்லை. அதனால் பெயர் நிலைத்துவிட்டது. இப்போது அவளுக்கு வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு வருடமாக செல்போன் பழுது பார்க்கிறாள்.

கடை ஒரு வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. படிக்கட்டின் சாய்வுக்கு ஏற்றபடி கடையின் கூரையும் பின்பக்கம் இறங்கிக்கொண்டே போகும். கூரை உயரமாக இருக்கும் முன்பக்கத்தில் அண்ணன் நின்றுகொண்டு கவர், சார்ஜர், திரைக்கு ஒட்டும் கண்ணாடி எல்லாம் விற்பான். தலையில் இடிக்கும் பின்பக்கத்தில் ஊசி உட்கார்ந்து வேலை செய்வாள். மேலே ஆள் இறங்கும்போதெல்லாம் தொம் தொம் என்று சத்தம் வரும். புதிதாக வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். இவர்கள் இருவரும் பார்ப்பதை விட்டுப் பல வருடம் ஆயிற்று.

அண்ணன் வாய்ப்பந்தல் போடுவதில் மன்னன். ஆனால் ஒரு திருகைக் கழற்றச் சொன்னால் அதன் தலையை மழுக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். ஆகவே வாய் அவன் பங்கு, கை அவள் பங்கு என்று யாரும் எழுதி வைக்காமலே பாகப்பிரிவினை நடந்து முடிந்திருந்தது. அண்ணன் வீட்டில் அண்ணியும் படிக்கிற இரண்டு பெண்களும் உண்டு. ஊசி கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். பக்கத்துத் தெருவில் ஒற்றை அறை. இரண்டு வீட்டு அடுப்பும் அவள் கையை நம்பித்தான் எரிந்தன.

அது எப்படிப்பட்ட கை என்பதையும் சொல்லிவிட வேண்டும். போனுக்குள் இருக்கும் திருகுகள் அரை அரிசி அளவுதான் இருக்கும். ஒன்றுக்கொன்று மயிரிழை நீள வித்தியாசம். மாற்றிப் போட்டால் நீளமானது உள்ளே இருக்கும் போர்டைக் குத்திப் போனையே கொன்றுவிடும். ஊசி ஒரு வெள்ளைத் தாளில் போனின் உருவத்தை வரைந்துகொள்வாள். எந்தத் திருகு எந்த மூலையிலிருந்து வந்ததோ, தாளிலும் அதே மூலையில் வைப்பாள். வைத்ததை இடுக்கியால் இரண்டாவது தடவை தொட்டுச் சரிசெய்யும் வழக்கமே அவளிடம் கிடையாது. அவள் மூடிக்கொடுத்த போன் அதே குறையோடு திரும்பி வந்ததில்லை என்று சொல்லிச் சொல்லியே அண்ணன் பாதி வியாபாரத்தை முடித்துவிடுவான்.

எட்டு மாதத்துக்கு முன்பு அந்தக் கை நடுங்கத் தொடங்கியது.

முதலில் வீட்டில்தான் தெரிந்தது. காலையில் தன் போனுக்கு சார்ஜ் போடப் போனாள். வயரின் முனை துளைக்குள் போகாமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டாள். மறுநாளும் அப்படியே. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொருகப் பழகினாள். ஒரு மாதத்தில் போனின் அடிப்பக்கம் கோழி கிளறிய மண் மாதிரி கீறலாகிவிட்டது. பல் டாக்டரிடம் போவதாக அண்ணனிடம் சொல்லிவிட்டு நரம்பு டாக்டரிடம் போனாள். அவர் ஒரு தாளைக் கொடுத்துச் சுருள் வரையச் சொன்னார். அவள் வரைந்ததைப் பார்த்துவிட்டு, மாத்திரை நடுக்கத்தைக் குறைக்கும், நிறுத்தாது, போகப் போகக் கூடலாம் என்றார்.

ஊசி பயந்துபோனாள். வலியே இல்லாத வியாதிக்கு இவ்வளவு பயப்படலாமா என்று தன்னையே திட்டிக்கொண்டும் பயந்தாள். கை போய்விட்டால் அந்தக் கடையில் அவள் யார்? அண்ணன் வெளியே போ என்று சொல்லமாட்டான், அது அவளுக்குத் தெரியும். மூலையில் உட்காரவைத்துச் சோறு போடுவான். அந்தச் சோற்றுக்குத்தான் அவள் பயந்தாள். அதனால் யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தாள். மாத்திரை போட்ட பிறகு பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை கை ஓரளவு சொன்னபடி கேட்டது. நுணுக்கமான வேலையையெல்லாம் காலைக்கு மாற்றிக்கொண்டாள். மதியத்துக்கு மேல் பேட்டரி, ஸ்பீக்கர் என்று முரட்டு வேலை. தங்கை ஒழுங்குமுறைக்கு வந்துவிட்டாள் என்று அண்ணன் சந்தோஷப்பட்டான்.

வயர் விஷயம்தான் பெரிய தலைவலி. ஏனென்றால் வயர் இல்லாத சார்ஜை அந்த வளாகத்திலேயே அதிகமாகக் கேலி செய்தவள் அவள்தான். ஒரு முழ வயரைச் சொருக வலிக்கிறவனுக்குப் போன் எதற்கு என்பாள். வயரில் ஒரு மணி நேரத்தில் ஏறுவது, போனைச் சார்ஜ் தட்டின் மேல் வைத்தால் இரண்டு, இரண்டரை மணி நேரம் இழுக்கிறது. சூடு வேறு ஏறுகிறது. சூடு பேட்டரிக்கு எமன் என்பாள். யாராவது என் போன் அதற்கு ஆகுமா என்று கேட்டால், நிமிராமலே வாங்கி அதன் முதுகை நகத்தால் தட்டுவாள். இரும்பு, அலுமினியம் என்றால் ஆகவே ஆகாது, திருப்பிக் கொடுத்துவிடுவாள். கண்ணாடி என்றால் அடுத்த கேள்வி. கண்ணாடி முதுகெல்லாம் ஆகிவிடுமா, வெளுத்ததெல்லாம் பாலா என்று ஒரு பாட்டு விட்டுவிட்டு மாடல் நம்பரைப் பார்ப்பாள். ஐபோனில் எட்டாம் நம்பர் முதல் அநேகமாக எல்லாம் ஆகும். சாம்சங்கில் விலை கூடிய எஸ் வரிசையில் ஆகும், விலை குறைந்ததில் பெரும்பாலும் ஆகாது. மற்றதற்கெல்லாம் கம்பெனியின் இணையதளத்தில் தேடிப் பார், இல்லாவிட்டால் கடைத் தட்டில் வைத்துப் பார், விளக்கு எரிந்தால் உன் அதிர்ஷ்டம் என்று முடிப்பாள்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் வயரில்லாமல் ஏறுகிற பழைய போன் ஒன்றை வாங்கி, தன் மேசையில் ஒரு தட்டையும் வைத்துக்கொண்டாள். அண்ணன் கேட்டதற்கு, இதுவரை வைத்திருந்த போனின் துளை போய்விட்டது என்றாள். நீயே மாற்றலாமே என்றான் அண்ணன். நேரமில்லை என்றாள். அண்ணன் அதற்கு மேல் கேட்கவில்லை. அவனுக்கு அதில் வியாபாரம் தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து தட்டு வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும், பத்து வருடமாக இதைத் திட்டிய என் தங்கையே மாறிவிட்டாள் என்று ஆரம்பித்தான். தட்டு விற்பனை கூடியது. உள்ளே உட்கார்ந்திருந்த ஊசிக்கு ஒவ்வொரு தடவையும் காது சுட்டது.

ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் வந்தார். பத்து நாள் முன்பு ஊசி அவர் போனுக்குப் பின்கண்ணாடி மாற்றிக் கொடுத்திருந்தாள். இப்போது காரில் இருக்கும் தட்டில் வைத்தால் சார்ஜ் ஏறவில்லை. போன் அணைந்தால் அவருக்குச் சவாரி கிடையாது. அண்ணன் மனப்பாடப் பாடத்தை எடுத்துவிட்டான். தடித்த கவர் போட்டிருக்கிறீர்களா? முதுகில் இரும்பு வளையம், தகடு ஏதாவது ஒட்டியிருக்கிறதா? கவருக்குள் வங்கி அட்டை வைத்திருக்கிறீர்களா? போன் நடுவில் உட்காருகிறதா, ஒரு விரல் தள்ளினாலும் ஏறாது. தட்டுக்குப் பவர் கொடுக்கிற அடாப்டர் சரியான வாட்ஸ் உள்ளதா? எல்லாம் சரியாக இருக்கிறது என்றார் ஓட்டுநர். கவரையும் கழற்றிக் காட்டினார். கடைத் தட்டில் வைத்தார்கள், விளக்கு எரியவில்லை. அண்ணன் தன் போனை வைத்தான், எரிந்தது. ஊசியின் போனை வைத்தான், எரிந்தது.

யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்ல அண்ணனுக்கு மனம் வரவில்லை. ஒரு மணி நேரத்தில் வாருங்கள், பார்த்து வைக்கிறோம் என்று அனுப்பினான்.

ஊசிக்குத் திறக்காமலே காரணம் தெரிந்திருந்தது. முதுகுக் கண்ணாடிக்கு உள்ளே வட்டமாகச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருள் உண்டு. தட்டிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்குவது அதுதான். அதன் நுனியில் நாக்கு மாதிரி நீண்டிருக்கும் இணைப்பை போர்டில் அழுத்திப் பிடிக்க ஒரு சின்னத் தகடு, அதற்கு மூன்று திருகு. பத்து நாள் முன்பு, இதேபோல் ஒரு மதியத்தில், அவசரம் என்று ஓட்டுநர் பக்கத்திலேயே நின்றதால் அந்த வேலையை எடுத்திருந்தாள். மூன்றாவது திருகு இடுக்கியிலிருந்து மூன்று முறை விழுந்தது. நான்காவது முறை அவள் முயலவில்லை. இரண்டு திருகு போதாதா என்று நினைத்துக் கண்ணாடியை ஒட்டிவிட்டாள். கார் ஓடிய குலுக்கலில் தகடு தூக்கி, நாக்கு கழன்றிருக்கும். கண்ணாடியைச் சூடேற்றித் திறந்து பார்த்தபோது அப்படியேதான் இருந்தது. அந்தக் காலி ஓட்டையைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். முடிவெட்டும் சலூன் வைத்திருந்து இப்போது விட்டுவிட்டவர். தன் போன் வயரில்லாமல் சார்ஜ் ஏறுமா, ஏறாது என்றால் எதை வாங்கலாம் என்று கேட்டார். அண்ணன் போனைத் தட்டிப் பார்த்தான், அலுமினியம். உடனே பந்தல் போட ஆரம்பித்தான். பத்து வருடம் திட்டிய தங்கை வரைக்கும் வந்து, அவளையே கூப்பிட்டு, ஐயாவுக்கு எப்படி வைக்கிறது என்று காட்டு என்றான்.

ஊசி வந்தாள். தன் போனை எடுத்துத் தட்டின் மேல் கொண்டுபோனாள். போன் காற்றில் இடமும் வலமும் அலைந்துவிட்டு இறங்கியது. விளக்கு எரியவில்லை. நகர்த்தினாள், எரிந்தது.

பெரியவர் போனைப் பார்க்கவே இல்லை.

"எனக்கும் வலது கையிலதாம்மா முதல்ல வந்துச்சு," என்றார்.

அண்ணன் சிரித்தான். பெரியவர் ஏதோ வேறு விஷயம் பேசுகிறார் என்று நினைத்தான். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

இல்லை என்று சொல்ல ஊசிக்கு ஒரு நொடி இருந்தது. காலையிலிருந்து டீகூடக் குடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் அண்ணன் நம்பியிருப்பான். அவள் உள்ளே திறந்து கிடக்கிற போனை நினைத்தாள்.

"எட்டு மாசமா இருக்குண்ணா. டிரைவர் போன்ல ஒரு திருகு போடாமலே மூடிட்டேன். போட முடியல."

ஐம்பது வயதில் அவன் வாயடைத்து நின்றதை அந்த வளாகத்தில் அன்றுதான் பார்த்தார்கள். பெரியவர்தான் பேசினார். அவரும் ஒரு வருடம் மறைத்தாராம். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் காதில் கத்தி பட்டு ரத்தம் வந்த அன்றைக்குத்தான் கடையைச் சாத்தினாராம். நீ திருகோடு நிறுத்திக்கிட்டே, பரவாயில்லை என்றார்.

ஊசி அவருக்கு வழி சொன்னாள். வெறும் தட்டு வேண்டாம், வட்டமாகக் காந்தம் வைத்த போனும் அதற்கேற்ற தட்டும் வாங்குங்கள். வயரில்லாமல் ஏறும் போனில் காந்தம் மட்டும் இல்லை என்றால் காந்த வளையம் உள்ள கவர் போட்டாலும் போதும். கை ஆடினாலும் கிட்டே கொண்டுபோனால் அதுவே இழுத்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும். நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் மட்டும் அந்தப் போனைச் சட்டைப்பையில் வைக்காதீர்கள். இல்லை, நெஞ்சு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பெரியவர் போனார். அண்ணன் அவருக்கு எதையும் விற்கவில்லை.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று அண்ணன் கேட்பான் என்று ஊசி எதிர்பார்த்தாள். அவன் கேட்கவில்லை. குனிந்து பின்பக்கம் போய், அவள் முக்காலியில் உட்கார்ந்தான். இருபத்திரண்டு வருடத்தில் அவன் அதில் உட்கார்ந்ததே இல்லை. டிரைவர் இப்போது வந்துவிடுவார், எந்தத் திருகு என்று சொல் என்றான். ஊசி அவன் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்று நாக்கை எப்படி அழுத்துவது, தகட்டை எப்படி வைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் ஒவ்வொன்றாகச் செய்தான். வியர்வை மூக்கு நுனியில் நின்றது. கடைசித் திருகை இடுக்கியில் எடுத்துக்கொண்டு ஓட்டைக்கு நேராகக் கொண்டுபோனான். இடுக்கி ஆடியது. அவள் கையைவிட மோசமாக ஆடியது.

"என் கையும் நடுங்குது ஊசி," என்றான்.

"உனக்கு பயத்துல நடுங்குதுண்ணா. அது போயிடும். போடு."