கற்கண்டு எப்போது போடுவது

அம்மாவும் சித்தியும் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்த அந்த மூன்று கிழமைகளைப்போல நான் முக்கியமானவளாக இருந்த காலம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எனக்கு ஒன்பது வயது. வீட்டில் யாருக்கு யார் என்ன சொல்ல வேண்டுமென்றாலும் என் வழியாகத்தான் சொல்ல வேண்டும்.

மொன்றியலில் வீடுகளை அறைக்கணக்கில் சொல்வார்கள், குளியலறைக்கு அரை. கோட்-டெ-நெய்ஜில், மூன்றாம் மாடியில் இருந்த எங்கள் வீடு நாலரை. அந்த நாலரைக்குள் இரண்டு பெண்கள் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதற்குத் தனித் திறமை வேண்டும். அது இரண்டு பேருக்கும் நிறையவே இருந்தது.

"உன்ர சித்தியிட்டைக் கேள், நாளைக்கு எத்தினை மணிக்கு வேலை எண்டு."

சித்தி இரண்டடி தள்ளி நின்று கோப்பை கழுவிக்கொண்டிருப்பாள். "கொம்மாவிட்டைச் சொல்லு, ஏழு மணிக்கு எண்டு."

நான் இந்தப் பக்கம் திரும்பி ஒருமுறை, அந்தப் பக்கம் திரும்பி ஒருமுறை ஒப்பிப்பேன். காரமான செய்திகளில் கொஞ்சம் காரத்தைக் குறைத்துக் கொடுக்கவும் பழகிக்கொண்டேன்.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. பதினைந்து வயதுப் பிள்ளையாக யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவிடம் வந்து சேர்ந்தவள். அம்மம்மா இறந்த பிறகு அம்மாதான் அவளைக் கனடாவுக்குக் கூப்பிட்டெடுத்து, பள்ளிக்கூடத்தில் சேர்த்து, குளிர்ச்சட்டை மாட்டிவிட்டு வளர்த்தாள். நான் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் என்னை முதலில் தூக்கியது சித்திதான் என்று சொல்வார்கள். எனக்கும் அவளுக்கும் ஒரே அறை. அவளுடைய கால் என் போர்வைக்குள் வராமல் நான் ஒருநாளும் நித்திரை கொண்டதில்லை.

இப்படி இருந்தவள்தான், ரொறொன்ரோ மாப்பிள்ளை ஒருவரின் படத்தை அம்மா நீட்டியபோது, தனக்கு வேறு ஒருவரைப் பிடித்திருக்கிறது என்றாள். அவளோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவராம். வீடு புரோசார்ட்டிலாம். சீனக் குடும்பமாம். அம்மா சத்தம் போடவில்லை. படத்தை உறைக்குள் வைத்துவிட்டு "சரி" என்றாள். அதுதான் சித்தியிடம் அவள் நேரே சொன்ன கடைசி வார்த்தை.

அப்பா சமாதானக்காரர். "ஒருக்கா வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டுமன். அதுக்கு என்ன வந்தது?" என்று இரண்டு கிழமை விடாமல் சொன்னார். கடைசியில் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"வாற ஞாயிற்றுக்கிழமை தாயையும் கூட்டிக்கொண்டு வரட்டுமாம் எண்டு சொல்லு. ஆனா நான் ஒண்டுக்கும் கை வைக்க மாட்டன். அதையும் சொல்லு."

இது சாதாரண மிரட்டல் இல்லை. அம்மா கை வைக்காமல் எங்கள் வீட்டில் வெந்நீர்கூடக் கொதித்ததில்லை. யார் அடுப்படிக்குள் வந்தாலும் "நீ தள்ளு, நான் செய்யிறன்" என்பாள். அப்படித் தள்ளித் தள்ளியே சித்திக்கு இருபத்தேழு வயதுவரை சோறு வடிக்கக்கூடச் சரியாகத் தெரியாது.

சித்திக்கு ரோசம் வந்துவிட்டது. அவருடைய அம்மாவுக்குப் பிடித்த இனிப்பைத் தானே காய்ச்சப் போவதாக அறிவித்தாள். சிவப்புப் பயற்றில் செய்வது. எங்கள் பாயசத்துக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்று வைத்துக்கொள்ளலாம். சாப்பாடு முடிந்தபின் கிண்ணத்தில் ஊற்றிச் சூடாகக் குடிப்பார்கள். பாலும் இல்லை, ஏலக்காயும் இல்லை, கஜு முந்திரியும் இல்லை. பயறு, தண்ணீர், மஞ்சள் கற்கண்டு, காய்ந்த தோடம்பழத்தோலில், அதாவது ஆரஞ்சுத்தோலில், ஒரு துண்டு. அவ்வளவுதான்.

"பாலும் இல்லாமல் ஏலக்காயும் இல்லாமல்... ஆருக்குக் காய்ச்சலாம் எண்டு கேள்," என்றாள் அம்மா. இதை நான் கடத்தவில்லை.

முதல் தடவை சித்தி பயற்றைச் சட்டியில் போட்டு வாசம் வரும்வரை வறுத்துவிட்டாள். எங்கள் ஆட்கள் பயற்றைக் கண்டால் வறுக்காமல் விடுவார்களா? வீடெல்லாம் பயத்தம் பணியாரத்துக்கு மா இடிக்கிற வீட்டைப்போல மணந்தது. ஆனால் கைபேசியில் பார்த்த வீடியோவில் யாரும் வறுக்கவில்லை. இரண்டாம் தடவை இரவே ஊறவைத்து, அடுத்தநாள் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துக் காய்ச்சினாள், ஓரளவு வந்தது. இரண்டு சட்டியையும் அப்பாதான் குடித்து முடித்தார். இரண்டுக்கும் "நல்லாத்தான் இருக்கு மச்சாள்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, "ஞாயிற்றுக்கிழமை மட்டும் கவனம். மாறி உப்பைப் போட்டீரெண்டால் தாயும் மகனும் மெட்ரோவுக்கு ஓடிடுவினம்," என்றார்.

பகிடிக்குத்தான் சொன்னார். நான் அதைப் பத்திரமாக மனதில் வைத்துக்கொண்டேன். ஏனென்றால் எனக்கு ஒரு கவலை இருந்தது, அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. சித்தி கல்யாணம் செய்தால் புரோசார்ட்டுக்குப் போய்விடுவாள். புரோசார்ட் ஆற்றுக்கு அந்தப் பக்கம். அந்தக் கால் என் போர்வைக்குள் வராது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சித்தி காலையிலிருந்தே ஓரிடத்தில் நிற்கவில்லை. வீடு கூட்டினாள், மேசைவிரிப்பை மூன்று தரம் மாற்றினாள். அந்த அந்தரத்தில் பயற்றை அடுப்பில் வைத்தவுடனேயே கற்கண்டையும் கொட்டி மூடிவிட்டாள். மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. முக்கால் மணித்தியாலம் கழித்து, "பொங்கி வழிஞ்சால் கூப்பிடு பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

சித்தி போய்க் கொஞ்ச நேரத்தில் அம்மா வந்தாள். மூடியைத் திறந்தாள். அகப்பையால் ஒரு பயற்றை எடுத்து, ஊதி, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசித்தாள். அது நசியவில்லை. இன்னொன்றை எடுத்தாள். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தாள். குளியலறைக் கதவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

பிறகு கால் பெருவிரலில் எம்பி, மேல்தட்டிலிருந்து ஒரு பழைய பால்மா ரின்னை எடுத்தாள். அதற்குள்ளிருந்து வெள்ளைத் தூளை ஒரு சிட்டிகை கிள்ளிச் சட்டிக்குள் போட்டாள். நுரை வந்தது. கேத்திலிலிருந்து கொதிநீர் ஊற்றினாள், அடுப்பைக் கூட்டினாள், அகப்பையின் பின்பக்கத்தால் சட்டியின் ஓரத்தில் வைத்து மசித்தாள். ரின்னை அதே இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

"படிக்கிற பிள்ளை கொப்பியைப் பாக்கவேணும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மா உப்பைப் போட்டுவிட்டாள். சித்தியின் கல்யாணத்தைக் கெடுப்பதற்காக என் அம்மா, மாவிளக்குப் போட்டுக் கும்பிடுகிற அம்மா, உப்பைப் போட்டுவிட்டாள்.

சித்தி தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். பச்சைச் சேலை. முகம் அப்படி வடிவாக இருந்தது.

"எல்லாம் சரியோ, பிள்ளை?"

ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அதைக் கொட்டிவிட்டு வேறு இனிப்பு ஏதாவது செய்ய நேரம் இருந்தது.

"ஓம்," என்றேன்.

அந்த ஓமை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர்கள் வந்தார்கள். அவர் கண்ணாடி போட்ட, மெலிந்த மனிதர். சப்பாத்தைக் கழற்றி ஒரு மூலையில் நேராக அடுக்கி வைத்தார். அம்மா அதைக் கவனித்ததை நான் கவனித்தேன். அவருடைய தாய் கட்டையான, உற்சாகமான பெண்மணி. கைநிறையத் தோடம்பழம் கொண்டுவந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குச் சீனம் தெரியாது. ஆனால் இரண்டு அம்மாமாரும் வெவ்வேறு காலத்தில் அரசாங்கத்தின் பிரெஞ்சு வகுப்புக்குப் போயிருந்தார்கள். ஆகவே முதல் பாடத்தில் உள்ளதையெல்லாம் பேசினார்கள். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்? இன்றைக்குக் குளிராக இருக்கிறது. நான் பேருந்தில் வேலைக்குப் போகிறேன். பாடம் முடிந்ததும் இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

சித்தி கிண்ணங்களில் ஊற்றிக் கொண்டுவந்தாள். நான் கதவோரம் இருந்த கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அந்தத் தாய் கிண்ணத்தை மணந்து பார்த்தார். ஒரு கரண்டி வாயில் வைத்தார். கண்ணை மூடினார்.

பிறகு இன்னொரு கரண்டி. பிறகு இன்னொன்று.

மகனிடம் ஏதோ வேகமாகச் சொன்னார். அவர் சித்தியிடம் சொல்ல, சித்தி எங்களுக்குச் சொன்னாள். "பயறு கரைஞ்சு மணல் மாதிரி வந்திருக்காம். அப்பிடித்தான் வரவேணுமாம். எத்தினை மணித்தியாலம் அடுப்பில வைச்சனான் எண்டு கேக்கிறா."

ஒன்றரை மணித்தியாலம் என்றாள் சித்தி. கற்கண்டை எப்போது போட்டாய் என்று கேட்டார். முதலிலேயே என்றாள் சித்தி. அந்தத் தாய் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, தலையை ஆட்டிப் பெரிதாகச் சிரித்தார். முதலில் இனிப்புப் போட்டால் பயறு கல்லாகத்தானே கிடக்கும், நாள் முழுக்க அவித்தாலும் கரையாதே என்றாராம். சித்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா தன் சேலைத்தலைப்பில் இல்லாத கறையொன்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அப்பா அவசரமாக இரண்டாம் கிண்ணம் கேட்டார்.

நானும் ஒரு கரண்டி குடித்தேன். உப்பே இல்லை. இனிப்பாக, மெல்லியதாய்த் தோடம்பழ வாசத்தோடு தொண்டைக்குள் இறங்கியது. எனக்கு அழுகை வந்தது. சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவர்கள் போகும்போது அந்தத் தாய் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்து நீளமாக ஏதோ சொன்னார். மகன் மொழிபெயர்க்க வாயெடுத்தார். வேண்டாம் என்பதுபோல அம்மா தலையசைத்து, "ஓம், ஓம்" என்றாள்.

வாசல் கதவு மூடியது. சித்தி விறாந்தையில் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு நின்றாள். அம்மா அடுப்படிக்குள் சட்டியை ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கூப்பிட்டாள்.

"உன்ர சித்தியிட்டைச் சொல்லு. பயறு நல்லா அவிஞ்சாப் பிறகுதான் கற்கண்டு போடவேணும். அங்கை போய்ப் பிழை விட்டால் ஒவ்வொரு முறையும் ஆர் வந்து அப்பச்சோடா போடுறது எண்டு கேள்."

நான் விறாந்தைக்குப் போய் அச்சுப்பிசகாமல் ஒப்பித்தேன். முதல்முறையாக ஒரு சொல்லைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

சித்தி கையிலிருந்த கிண்ணங்களை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். நான் பின்னால் போனபோது அவள் அம்மாவின் முதுகில் முகத்தைப் புதைத்து, "அக்கா, அக்கா" என்று அழுதுகொண்டிருந்தாள். அம்மாவின் இரண்டு கையிலும் சவர்க்கார நுரை. திரும்பாமலே, "போதும் விடு, சேலை நனையுது. நீ தள்ளு, நான் கழுவுறன்," என்றாள். ஆனால் அவளும் அழுதாள். சித்தி தள்ளவில்லை.

என் வேலை அன்றோடு போய்விட்டது என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மற்றபடி, கற்கண்டு எப்போது போடுவது என்பதற்கு ஏன் இரண்டு பெரியவர்கள் இப்படி அழ வேண்டும் என்று புரியாமல் அடுப்படி வாசலில் நின்றேன். அம்மா போட்டது உப்பில்லை, பயற்றை மசியவைக்கிற அப்பச்சோடா, அதை அவியவைத்தவளே அவள்தான் என்று தெரிந்தவுடன் எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது. சித்தியை அனுப்பிவைக்கவே இவள் நினைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் எங்களை விட்டுப் போகக்கூடாது என்று அந்த நாலரைக்குள் ஆசைப்பட்டது நான் ஒருத்திதான் என்று நெடுநாள்வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன்.