பதினான்காம் பங்கேற்பாளரின் காய்ச்சல் சார்ட்

ஒரு கை தோளுக்கு அடியில், மறு கை இடுப்புக்கு அடியில். "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிவிட்டு, மூன்று என்று சொல்லாமலே புரட்டிவிடுவார் சார்ட்டக்கா. மூன்று என்று சொன்னால் படுத்திருப்பவர் உடம்பை இறுக்கிக்கொள்வார், இறுகிய உடம்பு கூடுதல் கனம் என்பது அவர் அனுபவம். புரட்டிய கையோடு முதுகுக்குத் தலையணையை முட்டுக்கொடுத்தார், விரிப்பின் சுருக்கத்தை இழுத்துவிட்டார், கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய சார்ட்டில் நேரத்தைக் குறித்தார். அதற்குப் பிறகுதான் வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்தார்.

"யாரைப் பாக்க வந்திருக்கீங்க?"

"உங்களைத்தான் மேடம். யுனிவர்சிட்டிலேர்ந்து வரேன்."

"நான் இன்னும் படுக்கல. ஆபீஸ்ல கேளுங்க."

அந்தப் பெண் ஏற்கெனவே ஆபீசில் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். மேலாண்மைத் துறையில் ஆராய்ச்சி மாணவி. நிர்வாகத்தில் இருப்பவர்கள் முடிவெடுக்கும்போது உணர்ச்சி எந்த அளவுக்கு உள்ளே நுழைகிறது என்பது அவளுடைய ஆய்வு. தொழிற்சாலை, வங்கி, பள்ளிக்கூடம் எல்லாம் முடித்துவிட்டு எங்கள் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு வந்திருந்தாள். இவர் அவளுடைய பதினான்காவது ஆள்.

இல்லத்தில் நாற்பத்திரண்டு படுக்கைகள். பதினெட்டு உதவியாளர்கள். அவர்களுக்கு மேற்பார்வையாளராக இவர் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தார். நானும் அவரும் ஒரே வகுப்பில் பயிற்சி முடித்தவர்கள். எல்லோரும் அவரைச் சார்ட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காய்ச்சலுக்குச் சார்ட், சிறுநீருக்குச் சார்ட் எங்கும் உண்டு. இவர் லிஃப்டுக்கும் ஒன்று மாட்டியிருந்தார். எந்த நாள், எத்தனை மணிக்கு நின்றது என்று மூன்று மாதம் குறித்து, தரை கழுவிய மறுநாள்தான் லிஃப்ட் நிற்கிறது என்று மெக்கானிக்கிடம் நீட்டினார். மெக்கானிக் அடியில் எட்டிப் பார்த்தார். தண்ணீர் நின்றிருந்தது.

மாணவி ஒரு நோட்டைக் கொடுத்தாள். பக்கத்துக்குப் பக்கம் கட்டங்கள். கோபம், பயம், வருத்தம், மகிழ்ச்சி, குற்ற உணர்வு. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை எண்.

"ஒரு முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி, அப்ப எப்படி இருக்குன்னு நம்பர் போடணும் மேடம்."

"யாருக்கு எப்படி இருக்குன்னு?"

"உங்களுக்குத்தான்."

சார்ட்டக்கா நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "வலிக்கு இந்த மாதிரிதான் நாங்க போடுவோம். பத்து வரைக்கும். நீங்க ஏன் ஏழோட நிறுத்திட்டீங்க?"

அதற்கு மாணவியிடம் பதில் இருந்தது. நீளமாக இருந்ததால் சார்ட்டக்கா பாதியில் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அன்றே நிர்வாகி அவரைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார். ஊரின் மறுகோடியில் இல்லத்தின் புதுக் கட்டடம் திறக்கிறது. இங்கிருந்து ஒரு உதவியாளர் அங்கே போக வேண்டும். போய்வர இரண்டு பஸ் மாற வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு காரணம் சொல்லிக் கழித்தாகிவிட்டது, மிச்சம் இரண்டு பேர். அடுத்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் ஒரு பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும்.

இரண்டு பேரில் ஒருத்தி, உயரத்துக்காக நாங்கள் நெட்டை என்று கூப்பிடுகிறவள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. அவளுடைய மகள் அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது படிக்கிறாள். இன்னொருத்தி சார்ட்டக்காவின் சொந்தத் தங்கை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அக்காவோடு வந்துவிட்டவள். இருவரும் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். ஒரே அடுப்பு, ஒரே கண்ணாடி.

"தானாடாட்டியும் தசையாடும்னு சொல்லுவாங்க. உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றார் நிர்வாகி. அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று சார்ட்டக்கா கேட்கவில்லை.

தினமும் பன்னிரண்டு மணிப் புரட்டல் முடிந்ததும் அக்காவும் தங்கையும் சேர்ந்து சாப்பிடுவார்கள்.

"நெட்டைக்குக் கால் நீளம்க்கா. ரெண்டு பஸ்ஸு அவளுக்கு ஒரு பஸ்ஸு மாதிரி."

"சாப்பிடு."

"என் முட்டி தாங்காது."

"நேத்து கடைக்கு நடந்தே போய்ட்டு வந்த."

"அதனாலதான் தாங்காதுங்கறேன்."

அடுத்த திங்கட்கிழமை மாணவி நோட்டை வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். ஏழு நாளும் ஆறு மணி, பன்னிரண்டு மணி, மாலை ஆறு, இரவு ஒன்பது என்று நாலு வேளையும் எண்கள் இருந்தன. ஒரு வேளைகூட விடுபடவில்லை. எண்களைப் புள்ளிகளாக்கி, கோடு இழுத்து, கோபத்துக்குச் சிவப்பு, குற்ற உணர்வுக்கு நீலம் என்று பேனா மாற்றியிருந்தார்.

"மேடம், முடிவு எடுக்கறதுக்கு முன்னாடிதானே போடச் சொன்னேன்."

"எப்ப முடிவு எடுக்கப் போறேன்னு முன்னாடியே எப்படித் தெரியும்? மணியடிச்சுக்கிட்டா வருது? காய்ச்சலையும் நாங்க வந்த பிறகு தேடறதில்லம்மா. நாலு வேளையும் பாப்போம். வந்தா தெரிஞ்சிடும்."

"இது எனக்கு உதவாது மேடம்."

"உனக்கு உதவாட்டி போகுது, இங்க கொடு" என்று சார்ட்டக்கா நோட்டை வாங்கி, யாரோ ஒரு நோயாளியின் சார்ட்டைப் பார்ப்பதுபோலத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். காலையில் சிவப்புக் கோடு தரையில் கிடந்தது. பன்னிரண்டுக்கு ஆறு வரை ஏறியது. மாலையில் இறங்கி, இரவில் அடங்கியது. ஏழு நாளும் அதே ஏற்றம். "இந்த அம்மாவுக்கு மத்தியானச் சாப்பாடு ஒத்துக்கல" என்றார்.

பிறகு ஏதோ தோன்றியவராக விடுப்புப் பதிவேட்டை எடுத்துவந்தார். அந்த வாரம் பகல் பன்னிரண்டரைக்கு மேல் வந்த விடுப்பு விண்ணப்பங்கள் மூன்று. மூன்றையும் மறுத்திருந்தார். மாலை நாலு மணிக்கு மேல் வந்தவை நாலு. நாலையும் கொடுத்திருந்தார். மறுக்கப்பட்டவர்களில் ஒருவர் பல் பிடுங்கப் போகிறேன் என்று எழுதியிருந்த காவலாளி. அவர் வீங்கிய கன்னத்தோடு இன்னும் வாசலில்தான் உட்கார்ந்திருந்தார்.

மாணவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இதுதான் மேடம். ஒரு இடத்துல வந்த கோபம் சம்பந்தமில்லாத இன்னொரு முடிவுல போய் ஒட்டிக்கும். இதுக்கு எங்க படிப்புல ஒரு பேர் இருக்கு."

"எங்க வேலையில பேர் இல்ல. எய்தவள் சாப்பிட்டுட்டுக் கை கழுவிட்டா, அம்பு பட்டவன் வாசல்ல உக்காந்திருக்கான்" என்று சொல்லிவிட்டு, காவலாளியைக் கூப்பிட்டு உடனே பல் டாக்டரிடம் அனுப்பினார். அன்று முதல் பகல் பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டார். அறைக் கதவில் அதற்கு ஒரு சார்ட்டும் மாட்டினார்.

ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் எழுத வேண்டிய பெயர் அப்படியே பாக்கி இருந்தது.

புது மருந்தை முழுதாக ஏற்றும் முன் தோலுக்கடியில் கொஞ்சம் குத்திப் பார்ப்பது எங்கள் வழக்கம். டெஸ்ட் டோஸ் என்போம். தடித்தால் அந்த மருந்து வேண்டாம். சார்ட்டக்கா அதைச் செய்தார். செவ்வாய்க்கிழமை ஒரு துண்டுத் தாளில் நெட்டையின் பெயரை எழுதி மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இவளைத்தான் அனுப்பப் போகிறோம் என்று முடிவு கட்டி ஒரு நாள் முழுக்க வேலை பார்த்தார். நாலு வேளையும் எண் போட்டார். புதன்கிழமை தங்கையின் பெயர். வியாழக்கிழமை வெறும் தாள்.

வெள்ளிக்கிழமை காலை மாணவி வந்து பார்த்தாள். நெட்டையின் நாளில் எல்லாம் ஒன்று, இரண்டு. இரவு நல்ல தூக்கம் என்று ஓரத்தில் குறிப்பு வேறு. தங்கையின் நாளில் பயம் ஐந்து, குற்ற உணர்வு ஆறு, ஒன்பது மணிக்கு ஏழு. வெறும் தாளின் நாளில் கோபம் மட்டும் நாலு வேளையும் ஆறு.

"ரொம்பத் தெளிவா இருக்கே மேடம். நெட்டையக்கா பேர்தான் உங்க மனசுக்கு ஒத்து வருது."

சார்ட்டக்கா நோட்டை மூடினார். பிறகு அவளைக் கைபிடித்துப் பதினோராம் படுக்கைக்குக் கூட்டிப்போனார். வேறொரு இடத்திலிருந்து படுக்கைப் புண்ணோடு வந்து சேர்ந்த பெரியவர். துணிக்கட்டை விலக்கி, இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்த புண்ணின் நடுவில் பஞ்சால் தொட்டார்.

"வலிக்குதா ஐயா?"

"இல்லியே."

ஓரத்தில் தொட்டார். பெரியவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.

"பாத்தியா. வலிக்கற இடம் உசுரோட இருக்கு. வலிக்காத இடம் செத்துப்போச்சு. புண்ணு அங்கதான் ஆழம்." கட்டை மூடிக்கொண்டே சொன்னார்: "நெட்டை பேரை எழுதினா எனக்கு ஏன் வலிக்கலன்னா, அவ என் தங்கச்சி இல்ல. அவ்வளவுதான். அவ போறது சரிங்கறதால இல்ல."

"அப்ப எதை வெச்சு முடிவு எடுப்பீங்க மேடம்?"

அதற்கு அவர் அவளைத் தன் அறைக்குக் கூட்டிவந்து சுவரைப் பார்த்தார். நேரத்துக்குப் புரட்டாவிட்டால் வரும் படுக்கைப் புண்ணுக்கென்று ஒரு சார்ட் அவர் மேசைக்கு மேலேயே வருடக் கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பத்து நாளும் அவர் தன் உணர்ச்சியை நாலு வேளையும் பார்த்தாரே தவிர, அதை ஒருமுறையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு வருடத்தில் நெட்டையின் பொறுப்பில் இருந்த பக்கத்தில் இரண்டு பேருக்குப் புதிதாகப் புண் வந்திருந்தது. ஊட்டிவிடுவதில் அவளுக்கு இருந்த பொறுமை புரட்டுவதில் வரவில்லை. தங்கையின் பக்கத்தில் ஒருவருக்கும் இல்லை. புதுக் கட்டடத்துக்கு வரவிருந்த இருபது பேரில் பதினாலு பேர் தாமாகப் புரள முடியாதவர்கள். அங்கே இன்னும் மேற்பார்வைக்குக்கூட ஆள் போடவில்லை. நெட்டையை இங்கேயே வைத்துச் சொல்லிக்கொடுத்துவிடலாம். அங்கே சொல்லிக்கொடுக்க யாருமில்லை.

"இதைப் பாத்து எடுக்கணும்" என்றார். "முதல்லயே பாத்திருக்கணும்."

பின்னால் வந்த ஆய்வுக் கட்டுரையில் அவரைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. அதுவும் அடிக்குறிப்பில்: பதினான்காம் பங்கேற்பாளர் வழிமுறையைப் பின்பற்றாததால் அவருடைய தரவு சேர்க்கப்படவில்லை. எங்கள் நிர்வாகியும் அதே ஆய்வில் ஒரு பங்கேற்பாளர். எல்லா முடிவுக்கும் முன்னால் மகிழ்ச்சி ஏழு என்று போட்டிருந்தார். அவர் தரவு சேர்க்கப்பட்டது.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு மணிப் புரட்டலுக்கு, இல்லத்திலேயே கனமான ஆளிடம் சார்ட்டக்கா தங்கையைக் கூப்பிட்டார். கட்டிலுக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தங்கை.

"ஒண்ணு, ரெண்டு, நாளைலேர்ந்து நீ புதுக் கட்டடம்."

ஆள் புரண்டுவிட்டார். அவருடைய முழுக் கனமும் தங்கையின் இரண்டு கைகளில் இருந்தது. அக்கா தலையணையை முட்டுக்கொடுக்கும் வரை விட முடியாது. அக்கா அவசரப்படவில்லை.

"என்னக்கா சொல்ற?"

"தலையைக் கொஞ்சம் தூக்கு. காது மடங்கியிருக்கு."

தங்கை தலையைத் தூக்கினாள். காதைச் சரிசெய்தாள். "ஊரே உன்னை நியாயஸ்தின்னு சொல்லணும். அதுக்கு நான்தான் கெடச்சேனா?"

"ஊருக்காகன்னா உன்னை அனுப்பிட்டு, புண்ணு வரவிட்டதுக்கு நெட்டைக்கும் ஏதாவது தண்டனை குடுத்திருப்பேன். உன் பக்கத்துல ஒரு புண்ணு கெடையாது. அங்க பதினாலு பேரு புரளாம கெடக்கப் போறாங்க."

"ஒழுங்கா வேலை பாத்தது தப்பாப்போச்சு."

"ஆமா" என்றார் அக்கா. "நம்ம வேலையில எப்பவும் அப்படித்தான்."

"ரெண்டு பஸ்ஸுக்கா."

"தெரியும்."

படுத்திருந்தவர், "யாராவது ஒருத்தர் என் கையை எடுத்து வெளில விடுங்கம்மா, அடில மாட்டிக்கிச்சு" என்றார். இருவரும் சேர்ந்து எடுத்துவிட்டார்கள். நாலு மணி அடித்ததும் சார்ட்டக்கா தாளில் கையெழுத்துப் போட்டு நிர்வாகியிடம் கொடுத்தார். நோட்டை மாணவியிடம் திருப்பிக் கொடுத்தார். அன்று காலை ஆறு மணிக்குப் பிறகு எண் எதுவும் போடவில்லை. மாணவி கேட்கவுமில்லை.

வீட்டில் அன்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பாத்திரங்கள் மட்டும் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசின.

மறுநாள் காலை நாலரைக்கு அக்கா எழுந்து சமைத்து, தங்கையின் டிபன் பாக்ஸை மூடி மேசையில் வைத்தார். புதுக் கட்டடத்தில் சமையலறை இன்னும் திறக்கவில்லை. ஐந்து பத்து பஸ்ஸுக்குத் தங்கை இறங்கிப் போன பிறகு பார்த்தால், டிபன் பாக்ஸ் வைத்த இடத்திலேயே இருந்தது. மறதி இல்லை. அதைச் சுற்றியிருந்த சாவி, குடை, கண்ணாடிக் கூடு எல்லாம் போயிருந்தன.

சார்ட்டக்கா அதைப் பையில் போட்டுக்கொண்டு எதிர்த்திசையில் ஒரு பஸ் ஏறினார். இறங்கி இன்னொன்று ஏறினார். புதுக் கட்டடத்தின் வாசலில் இருந்த காவலாளியிடம் அதைக் கொடுத்து, யாரிடம் சேர்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். மாடி ஜன்னலில் தங்கை ஒரு திரையை மாட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. கூப்பிடாமல் திரும்பி, மறுபடி இரண்டு பஸ் ஏறினார்.

இல்லத்துக்கு வந்தபோது ஏழு முப்பத்தைந்து. ஆறு மணிப் புரட்டலை நெட்டை முடித்து, சார்ட்டில் நேரம் போட்டிருந்தாள். பத்தொன்பது ஆண்டுகளில் முதல்முறையாக அவர் தாமதப் பதிவேட்டைத் திறந்து, மற்றவர்களிடம் வற்புறுத்துவது போலவே மூன்று கட்டத்தையும் நிரப்பினார். பெயர். நேரம். காரணம் என்ற இடத்தில் "டிபன் பாக்ஸ்" என்று எழுதி, கையைக் கழுவிக்கொண்டு, நெட்டையையும் அழைத்துக்கொண்டு எட்டு மணிப் புரட்டலுக்குப் போனார்.