வாசிப்பவருக்கு ஒரு தேத்தண்ணி

எங்கள் ஊரான கல்லடியில், தேத்தண்ணிக் கடையின் மேசையில், யாரும் தொடாமல் ஆறிப்போன ஒரு பிளேன்டீக் கிளாஸ். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கொழும்பிலிருந்து காலை பஸ்ஸில் பத்திரிகை வரும். கடைக்கு ஒன்றுதான். என் மாமாவுக்கு நல்ல குரல். அவர்தான் எல்லோருக்கும் கேட்க வாசிப்பார். வாசிப்பவர் தன் தேத்தண்ணிக்குக் காசு கொடுக்கக் கூடாது என்பது கடை வழக்கம். கேட்பவர்களில் யாருக்குச் செய்தி பிடிக்கிறதோ அவர், “வாசிக்கிறவருக்கு ஒரு தேத்தண்ணி!” என்று சத்தம் வைப்பார்.

அரசாங்கத்துக்கும் ஆயுதம் தூக்கிய இயக்கத்துக்கும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த காலம் அது. அடுத்த சுற்று அடுத்த மாதம் என்ற செய்திக்கு யாரும் தேத்தண்ணி சொல்லவில்லை, கொட்டாவிதான் விட்டார்கள். மாமா லேசுப்பட்டவர் அல்ல. பேச்சுவார்த்தையை ஒரே மூச்சில் முணுமுணுத்துத் தள்ளிவிட்டு, எங்காவது வேட்டுச் சத்தம் என்றால் எழுந்து நின்று வாசிக்கப் பழகிக்கொண்டார். பத்திரிகைக்காரர்களும் எங்களைப் போன்றவர்களுக்குத்தானே விற்க வேண்டும்? சண்டைச் செய்தியின் எழுத்து வரவரப் பெருத்தது. கச்சேரியில் அரசாங்க உத்தியோகத்துக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த நானும் என் பங்குக்கு மாமாவுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.

வாவியில் வலை போடும் ஒருவர் மட்டும் வந்ததும் மாமாவிடம் கேட்பார்: “பேச்சு எப்பிடிப் போகுதாம் தம்பி? அத முதல்ல வாசி.” அவருடைய ஒரே மகன் இயக்கத்துக்குப் போயிருந்தான். பேச்சு சரிவந்தால் பொடியன் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

“பேசிப் பேசி என்னத்தக் கண்டம் அண்ணே? ஒரு கை பாத்துத்தான் விடுவமே!” என்றார் ஒருவர். கடையே சிரித்தது. சிரித்த எங்களில் ஒருவர் வீட்டிலிருந்தும் ஒரு பிள்ளை போகவில்லை.

பேச்சு முறிந்த அன்று மாமா அந்தத் தலைப்பை மூன்று தரம் வாசித்தார். கைதட்டினோம். அவருக்கு முன்னால் தேத்தண்ணிக் கிளாஸ்கள் வரிசையாக வந்து நின்றன. வலைக்காரர் தன் மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். மழைக்காலம் முடிவதற்குள், வாகரைப் பக்கம் நடந்த சண்டையில் மகன் செத்துப்போனான் என்று அவருக்கு ஓர் ஆள் வந்து சொன்னார். உடல் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு காலை கடைக்கு வந்தார். வாசிக்கத் தெரியாதவர்.

“என்ட மகன் செத்த சண்டையப் பத்திப் போட்டிருக்காமே. வாசி தம்பி.”

மாமா எழுந்து நிற்கவில்லை. குரல் பக்கத்து வாங்கில் இருந்தவருக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை. இரண்டு பக்கத்திலும் எத்தனை பேர் செத்தார்கள் என்பது இருந்தது. பெயர் ஒன்றும் இல்லை.

“அவ்வளவுதானா?”

“ஓம் அண்ணே. அவ்வளவுதான்.”

அவர் கடைக்காரரின் பக்கம் திரும்பினார். “வாசிச்சவருக்கு ஒரு தேத்தண்ணி குடு மனே” என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் குத்தல் இல்லை, கோபமும் இல்லை. வழக்கத்தைத்தான் செய்தார். அதனால்தான் எங்களால் தாங்க முடியவில்லை. மாமா அந்தக் கிளாசைத் தொடவில்லை. அதன்பின் கடையில் அவர் வாசித்ததுமில்லை.

நேற்று போனில், எங்கோ இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டு நிற்கும் செய்தி. அதன் கீழே ஒருவன், ‘இனி என்ன பேச்சு, அடியுங்கள்’ என்று எழுதியிருந்தான். சூடான எழுத்து. என்னை அறியாமல் அதற்கு விருப்பக் குறி போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் அந்தக் கிளாஸ் ஞாபகம் வந்தது.

அதை எழுதியவனுக்கு நான் இன்னொரு தேத்தண்ணி சொல்லியிருந்தேன்.