பதினொரு மணிக் கொண்டைக்கடலை

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். கடைக்குச் சாமான் சீட்டு எழுதியதைத் தவிர இத்தனை வருடத்தில் வேறு எதுவும் எழுதியதில்லை. எழுத வந்ததும் என் வாயையும் வயிற்றையும் பற்றித்தான். படிக்கிறவர்கள் முகம் சுளித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கே சுளிக்கிறது.

செக்காலைப் பகுதியில் ஒரு பலகாரக் கடையின் பின்கட்டில் வேலை பார்க்கிறேன். கல்யாண வீடுகளுக்குச் சீர்ப் பலகாரம் போடுகிற கடை. பாகு காய்ச்சுவது என் பொறுப்பு. போன வருடம் தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் புடைத்தது. குடலிறக்கம் என்றார்கள். வாணலியைத் தூக்கும்போதெல்லாம் அது வெளியே வரும். யாரும் பார்க்காத நேரம் முழங்கையால் அமுக்கி உள்ளே தள்ளிக்கொள்வேன்.

"எம்பது கிலோவுக்குக் கீழ வாங்க, அப்பத்தான் ஆபரேஷன்" என்றார் டாக்டரம்மா. "அதுக்குள்ள குடல் வெளிய மாட்டிக்கிட்டா ஆபத்து." அன்றைக்கு நான் எண்பத்தாறு கிலோ. மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

எப்படிக் குறைப்பது என்று அங்கிருந்த நர்ஸ் பெண் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தது. மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு வேளையாகப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். வயிறு நிறையவும் கூடாது, காயவும் கூடாது. ஆறு சின்ன டப்பா வாங்கினேன். நேரம் தவறாமல் இருக்க என் மகள் செல்போனில் அலாரம் வைத்துக் கொடுத்தாள். சேவல் கூவுகிற சத்தம்.

பசி என்ற ஒன்று எனக்கு அதோடு போயிற்று. பசித்துச் சாப்பிட்டால்தானே சாப்பாடு. இது சேவல் கூவியதும் டப்பாவைத் திறப்பது. பதினொரு மணிக்கு அவித்த கொண்டைக்கடலை. காலையில் சூட்டோடு மூடியது, திறக்கும்போது மூடியில் வேர்த்திருக்கும். கடலையின் மேல் கொழகொழவென்று ஒரு பூச்சு. நாலரை மணி டப்பாவில் வெள்ளரிக்காய், அடுப்புச் சூட்டில் வெதுவெதுத்துப்போய், துவைக்காத துணி மாதிரி ஒரு வாடையோடு. முந்தின வேளை தின்றது ஏப்பத்தில் வந்துகொண்டிருக்கும்போதே அடுத்தது உள்ளே போகும். நாள் முழுக்க வாய் கழுவின வாயாக இருந்ததே இல்லை. பல்லிடுக்கில் எப்போதும் ஏதாவது ஒரு தோல். அசைபோடுகிற ஆட்டைப் பார்த்தால் எனக்கு என்னையே பார்க்கிற மாதிரி இருக்கும்.

"மதினிக்குச் சேவல் கூவிருச்சு" என்பாள் என்னோடு வேலை பார்க்கிற, மாவு பிழிகிறவள். என்னை மதினி என்றுதான் கூப்பிடுவாள். "முட்டை எப்ப வைப்பீக?"

நான் சிரித்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து மெல்லுவேன். பிறர் பார்க்க மெல்லுவது எனக்குக் கூச்சம்.

ஆனாலும் எடை குறைந்தது. எடை பார்க்கப் போகவேண்டிய நாளுக்கு முந்தின நாள், மாவு மூட்டை நிறுக்கிற தராசில் ஏறிப் பார்த்தேன். எண்பதரை. இன்னும் அரைக் கிலோவுக்கு மேல் போகவேண்டும். இன்றைக்கு ஒரு வேளையும் தப்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டு அடுப்பில் நின்றேன்.

அன்று மனகோலம். மாவைப் பிழிந்து, பொரித்து, ஒடித்து, வெல்லப்பாகில் புரட்டுவது. சீருக்குப் போடும்போது நாங்கள் எதையும் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டித்தான் பாகின் பதம் பார்ப்பது. பாகு பதத்துக்கு வரும் நேரம் சேவல் கூவியது. அடுப்பை விட்டு நகர்ந்தால் பாகு முறுகிவிடும். நகராவிட்டால் வேளை தப்பிவிடும். இடது கையால் டப்பாவைத் திறந்து ஒரு பிடி கடலையை வாயில் போட்டுக்கொண்டு பாகுப் பக்கம் திரும்பினேன்.

அந்த நேரம்தான் சீருக்குச் சொல்லியிருந்த பெண் வீட்டு ஆச்சி, பலகாரம் எப்படி வருகிறதென்று பார்க்க, எங்கள் முதலாளியம்மாவோடு பின்கட்டுக்கு வந்தார்கள்.

"ஏத்தா, வாயில என்ன?" ஆச்சிதான் கேட்டார்கள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தால் கடலை தெரியும். விழுங்கினால் மறைத்த மாதிரி ஆகும். தலையை மட்டும் ஆட்டினேன்.

"சீர்ப் பலகாரத்தத் தின்னு பாத்துட்டு, எச்சியவா சம்பந்தி வீட்டுக்கு அனுப்புறீக?" என்று முதலாளியம்மாவைக் கேட்டார்கள் ஆச்சி.

மாவு பிழிகிறவள் எனக்காகப் பேசினாள். "இல்ல ஆச்சி, மதினி எடை குறைக்கிறாக. சேவல் கூவுனா கொஞ்சம் திங்கணும்."

"சேவல் கூவுனா எந்திரிப்பாக. திங்கவா செய்வாக?"

முதலாளியம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அக்கா, குழாயடியில போய்த் துப்புங்க. ஆச்சி பாக்கட்டும்."

துப்பினேன். துவைகல்லின் மேல், எச்சிலில் ஊறிய கடலைச் சக்கையும் தோலும் கிடந்தன. ஒன்று என் உதட்டில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. ஆச்சி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். இவ்வளவு நேரம் என் வாய்க்குள் இருந்ததை இன்னொருவர் குனிந்து பார்க்கிறார். குனிந்து நின்றதில் வயிற்று வீக்கமும் வெளியே வந்துவிட்டது. அதை அமுக்கக்கூட எனக்குக் கை எழவில்லை.

"கொண்டக்கடலதான்" என்றார்கள் ஆச்சி. "பலகாரம் இல்ல. நெசந்தான் சொல்லிருக்கா." பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள். "அதுக்காக எச்சி வாயோட பாகுகிட்ட நின்னது இல்லேன்னு ஆயிருமா? வேற போடுங்கத்தா."

முறுகிப்போயிருந்த பாகைக் கொட்டினோம். பொரித்ததை எல்லாம் வேறு சட்டிக்கு மாற்றி, கடையில் சில்லறைக்கு விற்க வைத்தார்கள். நான் மூன்று முறை வாய் கொப்பளித்துவிட்டுப் புதுப் பாகு வைத்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதன் பிறகு அன்றைக்குச் சேவல் மூன்று முறை கூவியது. மூன்று முறையும் அந்தத் துவைகல்தான் கண்ணில் வந்தது, அலாரத்தை நிறுத்திவிட்டு டப்பாவைத் திறக்காமலே வைத்தேன். சாயங்காலம் டப்பாக்களைக் கடைக்குப் பின்னால் கவிழ்த்தேன். ஒரு நாய் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எழுபத்தொன்பது கிலோ எண்ணூறு கிராம் காட்டியது. ஆறு வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா என்று அந்த நர்ஸ் பெண் கேட்டது. சாப்பிட்டேன் என்றேன். அடுத்த வாரம் ஆபரேஷனுக்கு நாள் எழுதிக் கொடுத்தார்கள்.